ஏ.பி.எல்., வயது 74, ஒன்பதாம் நாள்: ஆர்சனிக்கை நிறுத்தியது சரியா?

கேட்டவர் | 11.06.2024, இரவு 9.40

பெரியப்பாவுக்கு 74 வயது. 58 கிலோ, 162 செ.மீ. சர்க்கரை 15 வருஷமா இருக்கு, பிரஷர் மாத்திரையும் உண்டு. ஈறில் ரத்தம், காலில் கருநீலத் திட்டு என்று போய், அக்யூட் ப்ரோமைலோசைட்டிக் லுக்கேமியா (ஏ.பி.எல்., ஒருவகை ரத்தப் புற்று) என்று தெரிந்தது. சேரும்போது வெள்ளையணு 3,200, பிளேட்லெட் 18,000, ஃபைப்ரினோஜன் (ரத்தத்தை உறைய வைக்கும் புரதம்) 90. ஜூன் 3 முதல் அட்ரா (வைட்டமின் ஏ வகை மருந்து) கேப்ஸ்யூலும் ஆர்சனிக் ட்ரிப்ஸும். சர்க்கரையைக் காரணம் சொல்லி ஸ்டீராய்டு தரவில்லை. இன்று ஒன்பதாம் நாள். நேற்றிலிருந்து மூச்சு வாங்குகிறது, காய்ச்சல் 100.8, எடை 62.5, வெள்ளையணு 21,000. ஈ.சி.ஜி.யில் க்யூ.டி.சி. (நாடிக்கேற்பத் திருத்திய க்யூ.டி. இடைவெளி, நீண்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம்) 503 என்று ஆர்சனிக்கை நிறுத்திவிட்டார்கள். "வயசானவருக்கு இந்த விஷமெல்லாம் எதுக்கு, நிறுத்துனதே நல்லது" என்கிறார்கள் வீட்டில். நோய் முற்றிவிட்டதா, மருந்து ஒத்துக்கொள்ளவில்லையா?

மஜ்ஜை | 11.06.2024, இரவு 10.05

பெரும்பாலும் இரண்டும் இல்லை. மூச்சிரைப்பு, காய்ச்சல், ஒரு வாரத்தில் நாலரை கிலோ, வெள்ளையணு ஏற்றம். இந்த நாலும் சேர்ந்தால் வேறு பெயர் நிரூபணமாகும் வரை அது டிஃபரன்சியேஷன் சிண்ட்ரோம்தான், அதாவது புற்றுச்செல்கள் மருந்தால் கும்பலாக முதிர்வதில் வரும் சிக்கல். ராத்திரியே டியூட்டி டாக்டரிடம் கேளுங்கள்: டெக்ஸாமெத்தசோன் (டெக்ஸா, ஸ்டீராய்டு) 10 மி.கி. நரம்பில், 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, தொடங்கியாச்சா? எக்ஸ்ரே வரட்டும், ஸ்கேன் வரட்டும் என்று காத்திருக்கும் விஷயம் இல்லை இது. சந்தேகம் வந்த மணியிலேயே போட வேண்டியது.

அட்ரா, ஆர்சனிக் இரண்டையும் நிறுத்திவிட்டு டெக்ஸா கொடுப்பது பாதுகாப்பு.

மஜ்ஜை | 11.06.2024, இரவு 10.30

மேலே கடைசி வரியை அவசரத்தில் எழுதிவிட்டேன், திருத்துகிறேன். மிதமான அளவில் இருந்தால் மருந்தைத் தொடர்ந்தபடியே டெக்ஸா கொடுப்பார்கள். ஆக்சிஜன் தேவை ஏறிக்கொண்டே போவது, கிரியாட்டினின் உயர்வது, பி.பி. இறங்குவது, டெக்ஸாவுக்கு மசியாதது, இப்படி இருந்தால்தான் தற்காலிகமாக நிறுத்துவது. அடங்கியதும் திரும்பத் தொடங்கணும். "நிறுத்துனதே நல்லது" என்பதில் எனக்கு உடன்பாடில்லை. இந்த நோயில் முதல் மாதத்தைத் தாண்டிவிட்டால் குணமாகும் வாய்ப்பு மற்ற ரத்தப் புற்றுகளைவிட மிக நல்லது. தாண்ட வைப்பதும் இதே இரண்டு மருந்துகள்தான்.

காரணம் இது. இந்தச் செல்கள் வளர்ச்சியின் பாதியில், ப்ரோமைலோசைட் படியில், சிக்கி நிற்கின்றன. 15-ஆம் 17-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதில் பிறந்த பி.எம்.எல்.-ராரா புரதம் பூட்டுப் போட்ட மாதிரி. அட்ராவும் ஆர்சனிக்கும் அந்தப் புரதத்தைச் சிதைக்கின்றன. பூட்டுத் திறந்ததும் செல்கள் கும்பலாக முதிர்ந்து ரத்தத்துக்கு வந்து நுரையீரலில் போய் உட்காருகின்றன, தந்துகிகள் கசிகின்றன, நீர் சேருகிறது. வெள்ளையணு 21,000 ஆனது மருந்து வேலை செய்ததால் வந்த வினை. நோய் முற்றியதன் அடையாளமாக அதைப் படிக்கக் கூடாது.

ஒரு கேள்வி: 58-ம் 62.5-ம் ஒரே தராசில் எடுத்ததா?

டோஸ்கணக்கு | 12.06.2024, காலை 6.50

வார்டில் ஒரு தராசு, ஐ.சி.யூ.வில் ஒரு தராசு, நடுவில் கட்டிலோடு எடுத்த எடை என்று இரண்டு கிலோ பிசகும். காலையில், சிறுநீர் கழித்த பிறகு, அதே தராசு, அதே மாதிரி உடை. தினமும்.

எடை ஏறியதைப் பார்த்து டோஸையும் ஏற்றிவிட வேண்டாம். ஆர்சனிக் கிலோவுக்கு 0.15 மி.கி. 58 கிலோவுக்கு 8.7 மி.கி. ஆம்பூல் 10 மில்லியில் 10 மி.கி. என்றால் 8.7 மில்லி உறிஞ்சணும். 62.5-ஐப் போட்டால் 9.4 வரும். அந்த நாலரை கிலோ தண்ணீர், அதற்கு மருந்து வேண்டியதில்லை. உள்ளே வந்த நாள் எடையே கணக்கு.

அட்ரா சதுர மீட்டருக்கு 45 மி.கி. 58 கிலோ, 162 செ.மீ.க்கு உடற்பரப்பு சுமார் 1.6, அதாவது 72 மி.கி. கேப்ஸ்யூல் 10 மி.கி. மட்டுமே என்பதால் 70 ஆக்கி, காலை 4, இரவு 3. சாப்பாட்டோடு. கொழுப்பில் கரையும் மருந்து இது, வெறும் வயிற்றில் கொடுத்தால் சரியாக ஏறாது.

பழையகுறிப்பு | 12.06.2024, காலை 8.15

முதியவர்களுக்கு அட்ரா 25 மி.கி. போதும் என்று படித்த நினைவு. 45 அதிகம் இல்லையா? அதனால்தான் இவ்வளவு சிக்கல்.

டோஸ்கணக்கு | 12.06.2024, காலை 8.40

25 என்பது குழந்தைகளுக்கும் வளரிளம் வயதினருக்கும். அவர்களுக்குத்தான் மூளை அழுத்தம் ஏறித் தலைவலி வருவது அதிகம். முதியவர்களுக்கென்று தனியாகக் குறைத்த அளவு கிடையாது. வயதைப் பார்த்து இரக்கப்பட்டு மருந்தைக் குறைப்பதைவிட, வயதைப் பார்த்துக் கூட இருக்கும் மற்ற மருந்துகளைக் குறைக்கலாம். பெரியப்பாவின் மாத்திரைப் பட்டியலை முழுசாக இங்கே போடுங்கள். டப்பாவில் இருக்கிற எல்லாமே.

மஜ்ஜை | 12.06.2024, காலை 9.20

க்யூ.டி.சி. 503-க்கு வருகிறேன். மெஷின் அச்சடித்துத் தந்த எண் என்றால் அது பெரும்பாலும் பேசெட் சூத்திரம், க்யூ.டி.யை நாடிக்கேற்பத் திருத்தும் வழிகளில் ஒன்று. ஃப்ரிடெரிசியா இன்னொன்று. நாடித்துடிப்பு 60-ஐ ஒட்டி இருந்தால் அது சரி. காய்ச்சலில், மூச்சிரைப்பில் இருப்பவருக்கு நாடி 100 ஓடும், அப்போது பேசெட் எண்ணை ஊதிக் காட்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாடி 100 என்றால் துடிப்புக்குத் துடிப்பு 0.6 விநாடி. அளந்த க்யூ.டி. 390 மில்லிவிநாடி என்று வையுங்கள். பேசெட் வர்க்கமூலத்தால் வகுக்கும்: 390 / 0.775 = 503. ஃப்ரிடெரிசியா கனமூலத்தால் வகுக்கும்: 390 / 0.843 = 462. அதே தாள், அதே இதயம். ஒன்றின்படி ஆர்சனிக்கை நிறுத்தணும், மற்றதின்படி தொடரலாம். 2019-இல் வந்த ஐரோப்பிய லுக்கேமியா நெட் பரிந்துரை, ஆர்சனிக் எடுப்பவர்களுக்கு பேசெட்டைத் தவிர்க்கச் சொல்கிறது. நாடி எவ்வளவு என்று ஈ.சி.ஜி. தாளின் மேல் மூலையிலேயே இருக்கும்.

ஃப்ரிடெரிசியாவிலும் 500 தாண்டினால் நிறுத்துவது சரிதான். அப்போதும் பொட்டாசியத்தை 4-க்கு மேல், மெக்னீசியத்தை 1.8-க்கு மேல் கொண்டுவந்து, க்யூ.டி.யை நீட்டும் மற்ற மருந்துகளைக் களைந்துவிட்டு, எண் இறங்கியதும் மீண்டும் தொடங்குவது.

கேட்டவர் | 12.06.2024, மதியம் 1.10

நாடி 104. நேற்று இரவு 11 மணிக்கு டெக்ஸா தொடங்கிவிட்டார்கள். பொட்டாசியம் 3.3, மெக்னீசியம் 1.5. பட்டியல்: டெல்மிசார்ட்டன், மெட்ஃபார்மின், ஆஸ்பிரின் 75 (வந்த அன்றே நிறுத்தியாச்சு), பான்டோபிரசோல், ஒண்டான்செட்ரான் மூன்று வேளை, லீவோஃப்ளாக்சசின், ஃப்ளூகோனசோல், ஃப்ரூசமைடு ஊசி, தூக்கத்துக்கு எஸ்சிடலோப்ராம். ரத்த உறைவுக்காகத் தினமும் நாலு பை எஃப்.எஃப்.பி. (உறைய வைத்த பிளாஸ்மா) ஏற்றுகிறார்கள். ட்ரிப்ஸ் ரெண்டு லிட்டர்.

டோஸ்கணக்கு | 12.06.2024, மதியம் 1.45

ஆர்சனிக்கைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு, உடந்தைகள் ஏழு பேரும் வெளியே சுற்றுகிறார்கள்.

ஒண்டான்செட்ரான், லீவோஃப்ளாக்சசின், ஃப்ளூகோனசோல், எஸ்சிடலோப்ராம் நாலும் க்யூ.டி.யை நேரடியாக நீட்டும். ஃப்ரூசமைடு பொட்டாசியத்தையும் மெக்னீசியத்தையும் சிறுநீரில் தள்ளும். பான்டோபிரசோல் மெக்னீசியத்தை உறிஞ்ச விடாது, ஆனால் அதற்கு மாதக்கணக்கில் ஆகும். ஒன்பது நாளில் அதன் பங்கு சின்னது. (ஏழு என்றேன், ஆறுதான் வருகிறது.)

இதில் ஃப்ளூகோனசோலுக்கு இரட்டைக் குற்றம். அட்ராவைக் கல்லீரல் சிதைப்பதையும் அது தடுக்கிறது, ரத்தத்தில் அட்ரா ஏறும். பூஞ்சைக்கு மருந்து வேண்டுமென்றால் மைக்காஃபங்கின், காஸ்போஃபங்கின் வகை. காய்ச்சலுக்கு லீவோவுக்குப் பதில் பைபராசிலின்-டாசோபாக்டம் அல்லது மெரோபெனம். டெக்ஸா கொடுப்பதால் ஆன்டிபயாடிக்கை நிறுத்தக் கூடாது, இரண்டும் சேர்ந்தே போகணும். டாக்சிசைக்ளின் வகை வேண்டாம், அட்ராவோடு சேர்ந்தால் மூளை அழுத்தம் ஏறும். சத்து மாத்திரை என்று யாராவது வைட்டமின் ஏ கொண்டுவந்தாலும் வேண்டாம்.

மெக்னீசியம் சல்ஃபேட் ஒரு ஆம்பூலில் 1 கிராம், இரண்டு ஆம்பூல் 100 மில்லி சலைனில் மெதுவாக. மெக்னீசியத்தைச் சரி செய்யாமல் பொட்டாசியத்தை மட்டும் ஊற்றினால் ஓட்டைக் குடத்தில் ஊற்றின கதை.

வீட்டுச்சோறு | 12.06.2024, மாலை 4.00

பொட்டாசியத்துக்கு இளநீர் கொடுக்கலாமே?

ராத்திரிடூட்டி | 12.06.2024, மாலை 4.25

ஒரு டம்ளர் இளநீரில் பொட்டாசியம் 10 மில்லி ஈக்விவலென்ட்டுக்கு மேல் இருக்கும், பொய் இல்லை. பொட்டாசியம் குளோரைடு சிரப் 15 மில்லியில் 20. ஆனால் ரோட்டோரம் அரிவாளில் சீவி, பழைய ஸ்ட்ரா போட்டு, நியூட்ரோஃபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளையணு) இல்லாத ஆளுக்கு வேண்டாம். மூச்சு வாங்குகிறவருக்கு உள்ளே போகும் ஒவ்வொரு மில்லியும் கணக்கு. சிரப் போதும்.

மஜ்ஜை | 12.06.2024, மாலை 6.10

நாலு பை எஃப்.எஃப்.பி. என்றதும்தான் எனக்கு இரண்டாவது யோசனை வந்தது. நேற்று "வேறு பெயர் நிரூபணமாகும் வரை" என்று அடித்துச் சொன்னேன். டெக்ஸா கொடுத்தது சரியே, அதில் மாற்றமில்லை. ஆனால் நாலரை கிலோ முழுவதையும் சிண்ட்ரோம் தலையில் கட்ட முடியாது.

ஒரு பை சுமார் 220 மில்லி, நாலுக்கு 880. ட்ரிப்ஸ் 2,000. ஆர்சனிக் கலக்கும் திரவம் 250. பிளேட்லெட் ஆறு பை என்றால் 300. நாளுக்கு மூன்றே கால் லிட்டருக்கு மேல், 74 வயது இதயத்துக்குள். ஃபைப்ரினோஜன் ஏற்றத்தான் எஃப்.எஃப்.பி. என்றால் கிரையோ (பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த அடர்த்தியான பகுதி) கேளுங்கள். கிரையோ ஒரு பை 15-20 மில்லிதான், அதில் குறைந்தது 150 மி.கி. ஃபைப்ரினோஜன். பத்துப் பை 1,500 மி.கி., அளவு 200 மில்லிக்குள். நாலு பை எஃப்.எஃப்.பி.யில் கிடைப்பதும் ஏறத்தாழ அவ்வளவே. ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரில் அதே சரக்கு.

இலக்குகள்: ஃபைப்ரினோஜன் 100-150-க்கு மேல், பிளேட்லெட் 30,000-50,000-க்கு மேல், ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் அளவு) 1.5-க்குள். ஐ.என்.ஆர். எகிறியிருந்தால் எஃப்.எஃப்.பி. வேண்டியிருக்கும், அதை மறுக்கவில்லை. உறைவு எண்கள் சீராகும் வரை நாளுக்கு ஒருமுறையாவது பார்ப்பார்கள். ட்ரானெக்சாமிக் ஆசிட் ரத்தத்தை நிறுத்தும் என்று கேட்காதீர்கள், இதில் ரத்தக்கட்டு பயம் உண்டு.

நீர்ச்சுமையா, சிண்ட்ரோமா, நிமோனியாவா என்று படுக்கையருகே பிரிப்பது கடினம். நீர்ச்சுமையில் பி.பி. ஏறும், கழுத்து நரம்பு புடைக்கும், ஃப்ரூசமைடு போட்ட ஒன்றிரண்டு மணியில் மூச்சு இளகும். சிண்ட்ரோமில் பி.பி. இறங்கும் பக்கம், காய்ச்சல் கூட வரும், ஃப்ரூசமைடுக்கு அரைகுறையாகத்தான் இளகும். எக்கோவும், இதயச் சுமையைக் காட்டும் ப்ரோ-பி.என்.பி. ரத்தப் பரிசோதனையும் உதவும். முதியவருக்கு மூன்றும் ஒரே நேரத்தில் இருப்பதும் சகஜம், அதனால் மூன்றுக்கும் சேர்த்தே வைத்தியம். ப்ராங்கோஸ்கோபி (நுரையீரலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது) பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் பிளேட்லெட் எண்ணைக் காட்டுங்கள்.

பழையகுறிப்பு | 12.06.2024, இரவு 8.00

வெள்ளையணு பத்தாயிரம் தாண்டினால் ஹை ரிஸ்க். இடாரூபிசின் (ஆந்த்ராசைக்ளின் வகைக் கீமோ மருந்து) சேர்க்கணும்.

மஜ்ஜை | 12.06.2024, இரவு 8.20

ரிஸ்க் வகை முடிவாவது சேர்ந்த அன்றைய எண்ணில். 3,200 என்பது 10,000-க்குக் கீழே, அங்கேயே முடிந்தது. சிகிச்சை தொடங்கியபின் ஏறுவது தனிக் கணக்கு: ஹைட்ராக்சியூரியா 500 மி.கி. நாலு வேளை, 50,000 தாண்டினால் 1 கிராம் நாலு வேளை. கட்டுக்குள் வராவிட்டால் ஆந்த்ராசைக்ளின் பேச்சு வரும். இவருக்கு 21,000-தான், இதயம் எப்படி என்று எக்கோவே இன்னும் வரவில்லை. வெள்ளையணுவை மெஷினில் வடிகட்டி எடுக்கும் லுக்காஃபெரிசிஸ் இந்த நோயில் கூடாது, உறைவுக் கோளாறைக் கிளறிவிடும்.

சேர்த்துச் சொல்ல வேண்டியது: 2013-இல் வெளிவந்த இத்தாலி-ஜெர்மனி ஆய்வில் அட்ரா-ஆர்சனிக் எடுத்த 77 பேருக்கும் நோய் தணிந்தது. அதில் முதல் நாளிலிருந்தே ப்ரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டு கிலோவுக்கு 0.5 மி.கி. கொடுத்தார்கள். இவருக்கு அது 30 மி.கி. அளவு. சர்க்கரையைக் காரணம் காட்டி விட்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை, இன்சுலின் எதற்கு இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வில் சேர்த்தது 70 வயது வரைதான். 74-க்கு அந்த எண்ணை அப்படியே எடுத்து வீட்டில் நம்பிக்கை கொடுக்காதீர்கள்.

கேட்டவர் | 16.06.2024, காலை 7.30

பதினாலாம் நாள். எடை 59.1. ஆக்சிஜன் இனி தேவையில்லை என்று எடுத்தாச்சு. ஃப்ரிடெரிசியாவில் 448, 13-ஆம் தேதியே ஆர்சனிக் மறுபடி தொடங்கிட்டாங்க. ஆனால் சர்க்கரை 380. நேற்று ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து "வண்டிக்கு நேரமாச்சு" என்று ட்ரிப்ஸைப் பிடுங்கப் பார்த்தார். தூக்க ஊசி போடலாமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ராத்திரிடூட்டி | 16.06.2024, காலை 8.05

டெக்ஸாவில் இருக்கும் முதியவர் ராத்திரி குழம்புவது அடிக்கடி நடப்பதுதான். ஆனால் இந்த நோயில் அந்த முடிவுக்குக் கடைசியாக வரணும். வரிசை இது: க்ளுக்கோமீட்டர், ஆக்சிஜன் அளவு, பி.பி., கைகால் இரண்டு பக்கமும் ஒரே பலமா, கண்மணி இரண்டும் ஒரே அளவா, சோடியம். அதோடு தலை சி.டி. தாமதிக்காமல். ஏ.பி.எல்.லில் ஆரம்ப மரணங்களுக்கு முதல் காரணம் ரத்தக்கசிவு, அதிலும் மூளையில். புதுத் தலைவலி, வாந்தி, பேச்சுக் குழறல் எதுவும் சின்ன விஷயம் இல்லை. சி.டி. ரூம் பெஞ்சுக்கு மாற்றும்போது விழவிடாமல் பார்க்க ஒருவர் கூடப் போங்கள்.

ஹாலோபெரிடால் (குழப்பத்தை அடக்கத் தரும் மருந்து) வேண்டாம் என்று முன்கூட்டியே கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். ராத்திரி வரும் புது டாக்டர் முதலில் எழுதுவது அதுதான், க்யூ.டி. மறுபடி நீளும். டெக்ஸாவின் இரண்டாவது வேளையை மாலை 6-க்கு நகர்த்தலாமா என்று கேட்கலாம். கண்ணாடி, காது மெஷின், பல்செட் கையெட்டும் இடத்தில்.

கேனுலா எடுத்தால் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்கணும். இடுப்பு ஊசி கிடையாது. மலம் இறுகவிடக் கூடாது, முக்கினால் தலையில் அழுத்தம் ஏறும்.

டோஸ்கணக்கு | 16.06.2024, காலை 8.50

ஒன்று விட்டுப்போச்சு. ஆர்சனிக்கோடு தயமின் (வைட்டமின் பி1) குறைந்து வெர்னிக்கி என்ற மூளைக் கோளாறு மாதிரிக் குழப்பம் வருவது மருந்தின் எச்சரிக்கைப் பட்டியலிலேயே இருக்கிறது. பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடாதவர் என்றால் தயமின் ஊசியைக் கேளுங்கள், க்ளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்னால். ஆர்சனிக்கை 5% டெக்ஸ்ட்ரோஸில் கலக்கிறார்களா? சலைனிலும் கலக்கலாம், சர்க்கரைக்காரருக்கு அதுவே மேல்.

380-க்கு மாத்திரை வேலைக்காகாது, இன்சுலின்தான். டெக்ஸாவைக் குறைக்கும் அன்றே இன்சுலினையும் குறைக்கணும். மறந்தால் விடியற்காலையில் சர்க்கரை 50-க்கு இறங்கி வேறு மாதிரிக் குழம்புவார்.

வீட்டுச்சோறு | 17.06.2024, காலை 11.00

ஆர்சனிக் என்றால் நம்ம பாஷாணம்தானே? சித்தத்தில் சுத்தி செய்து கொடுப்பார்களே, அதையே கொடுத்தால் ஊசி மிச்சம்.

மஜ்ஜை | 17.06.2024, மதியம் 12.30

வெள்ளைப் பாஷாணம்தான் ஆர்சனிக் ட்ரையாக்சைடு. தாளகமும் மனோசிலையும் அதன் கந்தக உறவினர்கள். கதையும் நாட்டு வைத்தியத்தில்தான் தொடங்குகிறது: 1970-களில் சீனாவின் ஹார்பினில் ஒரு நாட்டு மருந்தில் இருந்த ஆர்சனிக்கைப் பிரித்து ஊசியாக்கினார்கள். அட்ரா 1980-களில் ஷாங்காயில். மனோசிலை சேர்ந்த மாத்திரையைச் சீனாவில் ஆய்வு செய்து கொடுக்கவும் செய்கிறார்கள். வேலூர் சி.எம்.சி. 1998-லிருந்து தனி ஆர்சனிக்கையே நாளுக்கு 10 மி.கி. கொடுத்துப் பார்த்தது. 72 பேரில் 86 சதவீதம் பேருக்கு நோய் தணிந்தது, 2006-இல் வெளியிட்டார்கள். அட்ராவோடு சேர்ப்பது பிறகு வழக்கமானது.

ஆனால் 8.7 என்று பத்தில் ஒரு மில்லி வரை அளக்கும் மருந்துக்குப் பக்கத்தில், எவ்வளவு ஆர்சனிக் இருக்கிறது என்று லேபிள் சொல்லாத சூரணம் வைக்கக் கூடாது. இரண்டும் கூடினால் கல்லீரலும் க்யூ.டி.யும் தாங்காது. ஏற்கெனவே ஏதாவது பற்பம், மெழுகு சாப்பிட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.

கேட்டவர் | 06.07.2024, மாலை 5.20

சி.டி. சுத்தம். குழப்பம் மூன்று நாளில் தெளிந்தது. நடுவில் ஈரல் எண்சைம் ஆறு மடங்கு ஏறி ஐந்து நாள் மருந்து நிறுத்தி, பாதி டோஸில் ஒரு வாரம், பிறகு முழு டோஸ். 34-ஆம் நாள் மஜ்ஜை எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் "பிளாஸ்ட் இல்லை, நோய் தணிந்தது" என்று ஒரு வரி. அடுத்த வரியில் பி.எம்.எல்.-ராரா பாசிட்டிவ். எதை நம்புவது?

மஜ்ஜை | 06.07.2024, மாலை 6.00

முதல் வரியை. இந்தக் கட்டத்தில் பி.எம்.எல்.-ராராவைத் தேடும் மரபணுப் பரிசோதனை (பி.சி.ஆர்.) பாசிட்டிவாக இருப்பதற்கு அர்த்தம் கிடையாது, முதிர்ந்துகொண்டிருக்கும் செல்களும் அந்த மரபணுவைச் சுமந்துகொண்டுதான் இருக்கும். அதனால்தான் இப்போது அந்தப் பரிசோதனையே தேவையில்லை என்பது. கன்சாலிடேஷன் (நோய் தணிந்தபின் தொடரும் அடுத்த கட்ட சிகிச்சை) முடிந்தபின் மஜ்ஜையில் நெகட்டிவ் ஆகணும், அதுதான் தீர்ப்பு. இந்தத் தாளைப் பார்த்து மருந்தை மாற்றச் சொல்ல வேண்டாம்.

இனி: ஆர்சனிக் வாரம் ஐந்து நாள், நாலு வாரம் போட்டு நாலு வாரம் ஓய்வு, இப்படி நாலு சுற்று. மொத்தம் 80 ட்ரிப்ஸ், 28 வாரம். அட்ரா இரண்டு வாரம் எடுத்து இரண்டு வாரம் விட்டு, ஏழு சுற்று. நோய் தணிந்தவருக்கு டிஃபரன்சியேஷன் சிண்ட்ரோம் வராது, ஆகவே டே-கேரில் மூச்சு வாங்கினால் அந்தப் பெயரைச் சொல்லி டெக்ஸா போட விடாதீர்கள். இதயம், தொற்று, ரத்தக்கட்டு என்று தேடணும்.

ராத்திரிடூட்டி | 06.07.2024, இரவு 9.15

ஒரு பக்க விலாவில் எரிச்சலோடு கொப்புளம் வந்தால் அக்கி. ஆர்சனிக்கில் அடிக்கடி வரும், அசைக்ளோவிர் முன்னெச்சரிக்கையாகவே கேட்கலாம். உள்ளங்கால் மரத்துப்போனால் "சர்க்கரைதான்" என்று விட்டுவிடாதீர்கள், ஆர்சனிக்கும் அதே நரம்பைத்தான் பிடிக்கும். இன்றே கண்ணை மூடச் சொல்லி, பெருவிரலைப் பஞ்சால் தொட்டுப் பார்த்து எழுதி வையுங்கள். அடுத்த மாதம் ஒப்பிட ஏதாவது வேண்டுமே.

கேட்டவர் | 07.07.2024, காலை 6.45

வலது பெருவிரல் தெரியவில்லை, இடது தெரிகிறது. எடை 57.4. அதே தராசு.